கறுப்பு மோலேவுக்கு பீர்

மெஸ்கல் என்கிற கற்றாழைச் சாராயம் இருந்த கேனின் மூடியைச் சித்தப்பா நிகாந்த்ரோ திறக்கப் போனபோது எல்விரா அதன் மேல் கையை வைத்துவிட்டாள்.

"இன்னிக்கு எல்லாருக்கும் பீர் குடுத்துரலாம் சித்தப்பா. ஐஸ் பெட்டி நிறைய இருக்கு."

நிகாந்த்ரோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். அடுப்பில் கறுப்பு மோலே கொதித்துக்கொண்டிருந்தது. மிளகாயையும் எள்ளையும் கருக வறுத்து, சாக்லேட் சேர்த்து அரைத்த அந்தக் குழம்பின் வாசனை, முற்றத்தில் சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் வரை போயிருந்தது.

"கறுப்பு மோலேவுக்கு பீரா? உங்கப்பன் பெட்டியை உதைச்சுக்கிட்டு எழுந்து வந்துருவான்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்துவிட்டு, சாவு வீடு என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அப்பா ஹெனாரோ முப்பது வருஷம் சந்தைக்குள் சாப்பாட்டுக்கடை நடத்தியவர். எதற்கு எதைக் குடிப்பது என்பதில் அவரிடம் விட்டுக்கொடுப்பே கிடையாது. வறுத்த வெட்டுக்கிளிக்குச் சில்லென்று பீர். குழியில் வெந்த ஆட்டுக்கறிக்குப் புல்கே கள். காலையில் தமால் கொழுக்கட்டைக்கு மக்காச்சோளக் கஞ்சி. கறுப்பு மோலேவுக்கு மெஸ்கல், அது மட்டும்தான். மோலேவோடு பீர் கேட்ட ஒரு வெளியூர்க்காரரின் முன்னாலிருந்து தட்டையே திரும்ப எடுத்துக்கொண்டு போனவர் அவர். அந்தக் கதையைக் காலையிலிருந்து மூன்று பேர் சொல்லியாகிவிட்டது.

எல்விரா கேனின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

கடைக்கு மெஸ்கல் எப்போதும் மலைமேல் காய்ச்சுகிற பெரியவர் வீட்டிலிருந்துதான் வரும். போக வர ஐந்து மணி நேரம். போன வியாழக்கிழமை அவளுக்கு உடம்பு அலுப்பு. ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்தி விற்றுக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத ஒருவனிடம் வாங்கி வந்து, அதே கேனில் ஊற்றி வைத்துவிட்டாள். அப்பாவுக்கு அந்த வாரம் சளி, கடையும் பூட்டிக் கிடந்தது. மூக்கு அடைத்து, எந்த வாசனையும் தெரியவில்லை. நேற்று மத்தியானம் சாப்பிட உட்காரும்போது கேட்டார்.

"நாணல் குழல்ல ஊத்திப் பாத்தியா? முத்து நின்னுச்சா?"

குடுக்கையில் விழும் மெஸ்கலில் எழும் குமிழைத்தான் முத்து என்பார்கள். அது உடையாமல் நின்றால்தான் நல்ல சரக்கு. அதைப் பார்க்காமல் அவர் ஒரு சொட்டு வாயில் வைக்கமாட்டார்.

"நின்னுச்சுப்பா," என்றாள். அவள் பார்க்கவே இல்லை.

மூன்று குடுக்கை குடித்தார். இருட்டியதும் தலைவலி, அப்புறம் வாந்தி. விடியும்போது, "விளக்கைப் போடேன் எல்விரா, எல்லாம் மாவைத் தூவின மாதிரி வெள்ளையா இருக்கு" என்றார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஏழு மணிக்குப் போய்விட்டார். டாக்டர் வந்தார், எத்தனை வயது என்று கேட்டார், மாரடைப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வெள்ளையைப் பற்றி எல்விரா அவரிடம் வாயே திறக்கவில்லை.

மாரடைப்பாகவே இருக்கலாம். எழுபத்தொரு வயது. மூன்று வருஷமாக இதயத்துக்கு மாத்திரை. அப்படித்தான் காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது இல்லை என்றால் அப்பாவைக் கொன்றது அவள்தான். அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை. சொல்லாவிட்டால் முற்றத்தில் இருக்கும் நாற்பது பேரும் இதைக் குடிப்பார்கள். சாவு வீட்டு மெஸ்கலை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சொன்னால் செத்தவரை அவமதித்ததாகிவிடும்.

"கையை எடும்மா. ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க," என்றார் நிகாந்த்ரோ.

"நானே ஊத்தறேன் சித்தப்பா."

கேனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். சவப்பெட்டிக்குக் கீழே சுண்ணாம்பால் சிலுவை போட்டிருந்தார்கள். முதல் வாய் செத்தவருக்கு என்று மண்ணில் கொஞ்சம் சிந்திவிட்டுத்தான் மற்றவர்கள் குடிக்கவேண்டும். எல்விரா பெட்டியின் கால்மாட்டில் நின்று மூடியைத் திறந்து கேனைச் சாய்த்தாள். கொஞ்சம் விழுந்தது. அவள் நிமிர்த்தவில்லை. குபுகுபுவென்று விழுந்துகொண்டே இருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"என்னடி பண்றே?"

"எல்லாம் அப்பாவுக்கு," என்றாள். "நாம பீர் குடிச்சுக்கலாம்."

யாரோ ஒரு பெண் விம்மினாள். நிகாந்த்ரோ தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "பெத்தா இப்படி ஒண்ணைப் பெக்கணும்," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. எல்விராவுக்குத் தப்பித்தோம் என்று ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து உடனே அருவருப்பாகவும் இருந்தது. காலிக் கேனை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

பெட்டியின் தலைமாட்டைத் தாண்டும்போது அங்கே உட்கார்ந்திருந்த அம்மா ஹெர்மினியா கையை நீட்டி அவள் பாவாடையைப் பிடித்தாள்.

"நல்ல காரியம் பண்ணினே. ஆனா குழி வெட்டறவங்க வெறும் வாயோட வெட்டக் கூடாது பாரு. அவங்களுக்கு முதல்லயே ஒரு பாட்டில் எடுத்து அனுப்பிட்டேன்."

"எதுலேர்ந்தும்மா?"

"இந்தக் கேன்லேர்ந்துதான். மோலேயும் டார்ட்டியா ரொட்டியும் சேத்து வச்சு அனுப்பினேன்."

"எப்போ?"

"பன்னெண்டு இருக்கும்."

இப்போது ஒன்றரை. கல்லறைக்குத் தனியாக ஓடி, பாட்டிலைப் பிடுங்கி, ஏதோ ஒரு காரணம் சொல்லிவிட்டு வந்துவிடலாமா என்று நினைத்தாள். நினைக்கும்போதே தெரிந்தது, குடித்திருந்தால் அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும், அங்கே காரணம் சொல்லவேண்டும், அதற்கு வண்டி வேண்டும்.

"அம்மா, அது மலையில வாங்கினது இல்ல." காலிக் கேனைக் கீழே வைத்தாள். "ரோட்டுல யாரோ ஒருத்தன்கிட்ட வாங்கினேன். அப்பா முத்து பாத்தியான்னு கேட்டாரு. பாத்தேன்னு பொய் சொன்னேன். காலையில அவருக்குக் கண்ணு தெரியலம்மா. எல்லாம் வெள்ளையா இருக்குன்னாரு."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் முற்றம் முழுக்கக் கேட்டது. பீர் பாட்டில்களைத் திறந்துகொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

ஹெர்மினியா மகளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பாவாடையிலிருந்து கையை எடுத்துப் பெட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டாள்.

"நிகாந்த்ரோ," என்றாள். "வண்டியை எடு."

கல்லறை வரை நிகாந்த்ரோ ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கேட்டானா, முத்து நின்னுச்சான்னு?"

"கேட்டாரு சித்தப்பா."

நிகாந்த்ரோ வண்டியைக் கல்லறை வாசலில் நிறுத்தினார்.

குழி வெட்டுகிற மக்லோவியோ இடுப்பளவு குழிக்குள் நின்று மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். மேட்டில் அவருடைய கூட்டாளி புகைத்துக்கொண்டிருந்தான். வழித்துத் துடைத்த தட்டுக்குப் பக்கத்தில் பாட்டில் இருந்தது. அதன் அடியில் ஒரு விரல் உயரம்தான் மிச்சம்.

"ரெண்டு பேரும் குடிச்சீங்களாண்ணே?"

"இவன் எங்க குடிச்சான்? கன்னிமேரி கிட்ட ஒரு வருஷத்துக்குத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கான்." மக்லோவியோ மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "அதனால அவன் பங்கும் எனக்கே. மோலேவுக்கு எது சேரும்னு உங்க வீட்டுல தெரியாதா என்ன. கொஞ்சம் தொண்டையைப் பிடிச்சுது, அவ்வளவுதான்."

எல்விரா குழியின் விளிம்பில் மண்டியிட்டு அவருக்குக் கையை நீட்டினாள். மண் சரிந்து உள்ளே விழுந்தது.

"ஏறி வாங்கண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போகணும். அது விஷமா இருக்கலாம். எங்கப்பா அதைக் குடிச்சுத்தான் செத்தாருன்னு நினைக்கிறேன்."

மக்லோவியோ அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கூட்டாளி சிகரெட்டைப் போட்டுவிட்டு அவரைத் தூக்கிவிட வந்தான்.

பெரிய ஆஸ்பத்திரி முக்கால் மணி நேரப் பாதை. வண்டியில் நிகாந்த்ரோவுக்கும் எல்விராவுக்கும் நடுவில் மக்லோவியோ உட்கார்ந்திருந்தார், தொடையில் மண்ணோடு. மிச்ச மெஸ்கல் இருந்த பாட்டிலை டாக்டரிடம் காட்ட எல்விரா மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எதிர்ல என்ன போர்டுன்னு படிங்க," என்றாள்.

"எனக்கு என்ன பரீட்சையா? டயர் பஞ்சர்."

"அடுத்தது?"

"மருந்துக்கடை. அதுக்குப் பக்கத்துல பல் டாக்டர். போன தடவை எனக்கு நல்ல பல்லைப் பிடுங்கினவன்."

"அடுத்தது?"

நாலைந்து போர்டுக்கு அப்புறம் அவர் கிண்டலை விட்டுவிட்டார். அவள் கேட்பதற்கு முன்பே படித்தார். பள்ளிக்கூடம், கோழிக்கடை, சிமெண்ட் விற்பனை. ஒவ்வொன்றையும் எல்விராவும் பார்த்துச் சரியா என்று உறுதி செய்துகொண்டாள். கண்ணாடியில் வெயில் அடித்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார், மறுபடி கசக்கிக்கொண்டார். நிகாந்த்ரோ வண்டியை இன்னும் விரட்டினார்.

"அடுத்தது?"

மக்லோவியோ கழுத்தை நீட்டி வெளியே பார்த்தார்.

"அண்ணே, அடுத்தது என்ன?"

"ஒண்ணும் இல்லம்மா," என்றார் மக்லோவியோ. அவர் குரலில் இப்போது பயம் இருந்தது. "எனக்கு ஒண்ணும் எழுதியிருக்கிற மாதிரி தெரியல."

எல்விரா ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஊர் முடிந்துவிட்டிருந்தது. போர்டு எதுவும் இல்லைதான். சாலையோரம் மலையடிவாரம் வரை கற்றாழை வரிசைகள்தான் போய்க்கொண்டிருந்தன.

"சரி, அப்போ கத்தாழையை எண்ணுங்க," என்றாள்.

அவர் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.