முகம் தெரியும் கூண்டு

என் வீட்டுக்காரர் உத்தமன் மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் எவர்சில்வர் தகட்டுக்குப் பாலிஷ் போடுகிறவர். அவர் கை பட்டால் தகடு கண்ணாடியாகிவிடும் என்று இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்ததுதான் என் கெட்ட நேரம்.

என்னோடு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் சபீனா ஒரு முயல்குட்டி கொடுத்தாள். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி, கடுகு தாளித்த உப்புமா மாதிரி. ரவா என்று பெயர் வைத்தேன். அட்டைப்பெட்டியே போதும் என்றேன். கேட்டால்தானே? பட்டறையில் மிஞ்சிய தகட்டில் கூண்டு செய்து தூக்கிக்கொண்டு வந்தார். அதன் தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். வந்தவர் போனவரையெல்லாம் குனிந்து பார்க்கச் சொல்வார். முயலைப் பார்த்தவர்கள் குறைவு.

அந்தத் தரையில் ரவாவுக்குக் கால் நிற்கவே இல்லை. ஒருநாள் குக்கர் விசிலுக்கு மிரண்டு துள்ளியதில் வழுக்கி இடுப்பு முறுக்கிக்கொண்டது. பின்னங்கால் இரண்டும் ஈரத்துணி போலத் தொங்கின. எலும்பு முறியவில்லை, நரம்பில் அடி, கூண்டுத் தரைதான் காரணம் என்று கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா உத்தமன் முகத்துக்கு நேராகவே சொன்னார். காலில் உணர்ச்சி இருக்கிறது, சாக்கு விரித்துப் பார்த்துக்கொண்டால் தேறும், இன்னொரு முறை வழுக்கினால் அவ்வளவுதான் என்றார். வீடு வந்ததும் உத்தமன், அந்தம்மாவுக்கு எவர்சில்வரைப் பற்றி என்ன தெரியும் என்றார்.

நான் சாக்கு விரித்தேன். டாக்டரம்மா காட்டிக்கொடுத்தபடி அடிவயிற்றை மெல்ல அழுத்தி மூத்திரம் எடுப்பேன். வெந்நீரில் துணி நனைத்துப் பின்பக்கம் துடைத்துக் காயவைப்பேன். ஈரம் நின்றால் புண்ணாகிவிடும். பிறகு காலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி விடவேண்டும். வேலைக்குப் போய் வந்த அலுப்பில் என் காலை யாராவது பிடித்துவிட்டால் தேவலை என்றிருக்கும். புரட்டாசியில் ஒருநாள் நான் நீட்டிய கொத்தமல்லியை எட்டிப் பிடிக்க ரவா பின்னங்காலை ஊன்றி எழுந்தது. ஆடிக்கொண்டுதான், ஆனாலும் நின்றது. நான் அழுதேவிட்டேன்.

அதற்குள் ஆயுதபூஜை வந்தது. அன்று எஸ்டேட்டில் எல்லாக் கம்பெனியிலும் பூஜை. நான் எங்கள் கம்பெனிக்குப் போயிருந்தேன். தாங்கள் செய்த பொருளில் நல்லதாக ஒன்றைச் சாமி முன்னால் வைப்பது உத்தமன் பட்டறையில் வழக்கம். அந்தக் கூண்டைக் கொண்டுவாயேன் என்று முதலாளி கேட்டாராம். இவர் ரவாவோடு சேர்த்தே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். மூத்திரச் சாக்கைச் சாமி முன்னால் வைக்க முடியுமா? அதை உருவிப் போட்டுவிட்டு, தரையைப் பளபளவென்று தேய்த்து, மூலைக்கு மூலை சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். வாசலில் பூசணிக்காய் உடைத்ததும் சரவெடி கொளுத்தினார்கள்.

வீட்டில் கூண்டைக் காணாமல் நான் பட்டறைக்கு ஓடினேன். சாம்பிராணிப் புகைக்கு நடுவில் ரவா முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் முதலாளி குனிந்து தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லீவு முடிந்து ஆஸ்பத்திரி திறந்ததும் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா பின்னங்கால் விரலைக் கிள்ளினார். ரவா காலை இழுக்கவில்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினார். பிறகு, இனிமேல் நிற்காதும்மா என்றார்.

சாயங்காலம் உத்தமன் எலுமிச்சம்பழமும் காய்ந்த மிளகாயுமாக வந்து நின்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"அத்தினி பேரும் சூப்பரா கீதுன்னாங்க கஸ்தூரி. கண்ணு பட்ருச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தினி பேரும் பாத்தது உன் கூண்டத்தான்யா. அதுக்கு ஒரு கீறல்கூட உழலியே?"

ரவாவுக்கு அடியில் சாக்கு நனைந்திருந்தது. மாற்றுச் சாக்கு எடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது, எலுமிச்சம்பழத்தைக் கூண்டுக் கதவில் கட்டிக்கொண்டிருந்தார்.