திறந்து கொடுக்கிற பாதி

மூன்றாம் மாடிக்காரனைக் குடியிருப்பில் எல்லோரும் கொத்தனார் என்றுதான் சொல்வார்கள். செங்கல்லைத் தொட்டறியாத ஆள். கணினியில் எந்த மென்பொருளைப் பற்றிப் பேச்செடுத்தாலும் "அது நானே கட்டுனது" என்பான். அதனால் வந்த பெயர். உலகமெல்லாம் தயாராகக் கிடைப்பதை இறக்கிப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கும். இவன் மட்டும் ஒவ்வொன்றுக்கும் அது எழுதப்பட்ட மூலநிரலை வரவழைத்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று குறித்துக் கொடுத்து, தன் கணினிப் பெட்டியிலேயே கட்டவைப்பான். கட்டும்போது அதன் விசிறி போடுகிற இரைச்சலில் மேல்மாடி வீட்டம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவாள்.

அவன் பெருமையெல்லாம் வேண்டாம் என்று சொல்வதில்தான். பல மென்பொருள்களுக்கு இரண்டு பாதி உண்டு. ஒன்று, நாம் வெளியே போய்க் கூப்பிடுகிற பாதி. மற்றது, வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் எழுந்துபோய்த் திறந்து கொடுக்கிற பாதி. அதற்குப் பெயர் சர்வர். இந்த இரண்டாம் பாதி கட்டாயமில்லை. வேண்டாமென்று எழுதிவிட்டால் கட்டப்படவே படாது. "கதவே வைக்கலன்னா எவன் வந்து தட்டுவான்?" என்று லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடமெல்லாம் விளக்குவான். அவர்கள் பாவம், நான்காம் மாடிக்குப் போக வேண்டியவர்கள் இரண்டிலேயே இறங்கி நடப்பார்கள்.

இப்படிப்பட்டவன் வீட்டுக்குத்தான் அவன் அக்கா வந்து சேர்ந்தாள். கையில் ஒரு பை, கழுத்தைச் சுற்றிச் சால்வை. சால்வைக்குக் கீழே என்ன என்பதைக் குடியிருப்பு பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டது. தொண்டையில் அடிபட்டதிலிருந்து வறட்டு இருமல் அவளை விடவில்லை.

தேடிக்கொண்டு அத்தான் வராமல் இருப்பாரா? வந்தார். சோபாவில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, சிரித்த முகமாகவே கேட்டார்.

"உங்க அக்கா இங்க வரலல்ல, மாப்ள?"

"சத்தியமா வரல, அத்தான்."

அக்கா அந்நேரம் மாடி வீட்டம்மாவின் குளியலறையில், இருமலை வாயோடு பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். அத்தான் நம்பிக்கொண்டு கிளம்பினார். அவர் நம்புகிறவரைதான் அவளுக்கு அங்கே இருப்பு.

அதற்குப் பிறகு அவள் படியில் காலடி கேட்டாலே எழுந்து நிற்பாள். தம்பியால் பார்க்க முடியவில்லை. பெட்டியில் அவன் சேர்த்துவைத்த பாட்டுகள் ஏராளம். பாட்டு மென்பொருளுக்கும் ஒரு சர்வர் பாதி உண்டு. அதைக் கட்டினால் அக்கா தன் அறையில் செல்போனில் கேட்கலாம்.

நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் சர்வர் வேண்டுமென்று எழுதத் தனிக்கோப்பு இருக்கிறது. அதைத் திறக்க அன்றைக்குச் சோம்பல். எல்லாவற்றுக்கும் பொதுவான கோப்பு திரையில் ஏற்கெனவே விரிந்து கிடந்தது. அதில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டான்: சர்வர். எதையெல்லாம் திரும்பக் கட்டப்போகிறேன் என்று பெட்டி வரிவரியாகச் சொல்லிவிட்டு அனுமதி கேட்டது. படித்திருக்கலாம். சரி என்று தட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

"என்னடா இது, விமானம் கிளம்புற மாதிரி?"

"கம்பைல் ஓடுதுக்கா, பாட்டுக்குக் கட்டுது. உனக்குத்தான்."

"எனக்கு எதுக்குடா விமானம்? நான் பஸ்ஸுல போறவ." அக்கா சிரித்தாள். வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. "வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் பின்னால கண்ணாடிக் கடை. எங்களுக்கெல்லாம் பின்வாசல் வழியாத்தான் போக்குவரத்தாம். எவன் கண்ணுலயும் பட வேண்டாம்."

பெட்டி சொன்ன சொல் தட்டாத வேலைக்காரன். இரண்டாம் பாதி எதற்கெல்லாம் உண்டோ அத்தனைக்கும் கட்டியது. புதிதாக வந்தவற்றைக் கையால் எழுப்பச் சலித்து, தானே எழுப்பிவிடும்படி அவன் முன்பே ஏற்பாடு செய்திருந்தான். எல்லாம் எழுந்தன. தூரத்திலிருந்து பெட்டிக்குள் நுழைய வழிவிடுவது ஒன்று. மேசை மேலிருக்கும் மைக் கேட்பதை உள்ளே வந்தவருக்குக் கொடுப்பது இன்னொன்று. வீட்டு இணையம் முழுக்க அந்தப் பெட்டி வழியாகத்தான் போய்வந்தது, நடுவில் தடுப்பாரில்லை. அதோடு, உறவு நன்றாயிருந்த காலத்தில் பெட்டியிலிருந்து சினிமாப் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று அத்தான் பெயருக்கு ஒரு கணக்கு திறந்து கொடுத்திருந்தான். பிற்பாடு சர்வர் பாதியைக் கழற்றியபோது கணக்கை நீக்க மறந்தான். அத்தான் மறக்கவில்லை போலிருக்கிறது. பொறுமையான மனிதர், தினம் தட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

பாட்டு அருமையாக வந்தது. அக்கா வாரம் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்தாள். ஞாயிறு மத்தியானம் கொத்தனார் எதையோ தட்டிக்கொண்டிருந்தபோது, கருப்புத் திரையின் நடுவே அவன் தட்டாத எழுத்துகள் வந்து விழுந்தன.

"மாப்ள, அக்காவுக்கு இருமல் இன்னும் நிக்கலையே. மருந்து வாங்கிக் குடுக்கலாமில்ல?"

பெட்டிக்குள் இப்போது யார் யார் என்று கேட்டான். இரண்டு பேர் என்றது. ஒன்று அவன். இன்னொன்று அத்தான்.

பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினான். மைக்கையும் பிடுங்கினான். விசிறி ஓய்ந்தது. அறைக்குள் பாட்டு நின்றதும் அக்கா வாசலுக்கு வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தவுடனே அவள் கை கழுத்துக்குப் போயிற்று.

"அவரா?"

தலையாட்டினான். நடந்ததைச் சொன்னான்.

"கண்ணாடிக் கடையப் பத்திப் பேசினேனே. அதையும் கேட்டிருப்பாரா?"

"தெரியலக்கா. அப்ப கட்டி முடிச்சிருந்துச்சா இல்லையான்னு..."

"சரி, விடு."

அவள் கொண்டுவந்த பை மளமளவென்று நிரம்பியது.

"எங்கக்கா போற? எல்லாத்தையும் கழட்டிட்டேன். இனிமே ஒருத்தனும்..."

"உன்கிட்ட சொல்ல மாட்டேன்டா. கோவமெல்லாம் இல்ல. உனக்குத் தெரிஞ்சா அது எங்கயாவது ஒழுகும். பின்படியா இறங்கிக்கிறேன். ஜன்னல் பக்கம் வந்து நிக்காத. நான் எந்தப் பக்கம் திரும்புறேன்னு நீகூடப் பாக்கக் கூடாது."

போய்விட்டாள். அவன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவள் சொன்ன ஒன்றையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று இருந்தது.

மேலே கதவு திறந்தது. மாடி வீட்டம்மா படிக் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்க்கிற சத்தம். அவளுக்குத் தெரியாமல் இந்தக் கட்டடத்தில் பூனை நுழையாது.

"தம்பி, உங்க அத்தான் கீழ வந்திருக்காரு. பூ போட்ட சட்டை, ரொம்பச் சிரிச்சிக்கிட்டு. லிஃப்டுக்கு நிக்கிறாரு."

"சரிங்கம்மா."

"கூட்டாளியையும் கூட்டிட்டு வந்திருக்காரு போல. அந்த ஆள் ஏன் பின்படிகிட்டப் போய் நிக்கிறான்?"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஜன்னலைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டிப் பார்த்தான்.

பின்சந்தில் யாருமே இல்லை. அக்காவும் இல்லை, அந்த ஆளும் இல்லை.