மூங்கில் வைத்த கால்சட்டை

கைதிகளை அடைத்திருந்த கொட்டகை ஒரு காலத்தில் நூல் ஆலை. எந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவை நின்ற இடத்தில் சிமெண்டுத் தரையில் குழிகள் மட்டும் மிச்சம். மழை பெய்தால் அவற்றில் தண்ணீர் நிற்கும். அதை ஒட்டித்தான் படுக்கை. கஞ்சியை ஊற்றி வாங்கினால் குவளையின் அடி பளிச்சென்று தெரியும். வயிற்றுப்போக்கு வராத ஆள் இல்லை. பேனுக்கு மட்டும் அங்கே பஞ்சமே கிடையாது.

தையல்காரனுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது மாமாவின் கால்தான். மாமா என்றால் அவனுடைய அக்கா புருஷன், லாரி ஓட்டியவர். இருவரும் ஒன்றாகப் பட்டாளத்துக்கு இழுக்கப்பட்டு ஒன்றாகப் பிடிபட்டவர்கள். பிடிபடும்போது குண்டுச்சில் ஒன்று மாமாவின் முழங்காலுக்குக் கீழே எலும்பை உடைத்திருந்தது. பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்று வழியனுப்ப வந்த அக்கா அழவில்லை. “சேந்து போறீங்க, சேந்து வாங்க” என்று தம்பியின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

கைதிகளுக்குள் ஒரு கம்பவுண்டர் இருந்தார். அவரிடம் இருந்த மருந்து உப்புத் தண்ணீர் ஒன்றுதான். கிழிந்த சட்டைகளைத் தகர டின்னில் கொதிக்கவைத்துக் கட்டுப் போடுவார். மாமாவின் காயத்தில் புழு நெளிந்தபோது அவர் கை வைக்கவில்லை.

“இருக்கட்டும் விடு. அழுகினத தின்னுட்டுப் போகட்டும். நமக்குன்னு வந்த டாக்டர் அதுங்கதான்.”

மாமா சிரித்தார். தையல்காரன் வெளியே போய் வாந்தி எடுத்தான்.

காயத்தைவிடப் பெரிய பயம், தலை எண்ண நிற்கவைக்கும் காலை வரிசை. நிற்க முடியாமல் விழுந்தவர்களைக் காவலர்கள் வண்டியில் ஏற்றுவார்கள். ஆஸ்பத்திரிக்கு என்பார்கள். போனவர் எவரும் திரும்பவில்லை. ஒருவனுடைய பூட்ஸ் மட்டும் காவலன் ஒருவன் காலில் திரும்பி வந்தது. அதிலிருந்து கொட்டகைக்கு ஒரே சட்டம்: விழக் கூடாது, யாரையும் விழ விடவும் கூடாது. சீக்காளியை நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் தோள் கொடுப்பார்கள். வெளிறிய கன்னத்தைக் கிள்ளிச் சிவக்க வைப்பார்கள்.

தையல்காரன் தோள் கொடுப்பதோடு நிற்கவில்லை. கூரையிலிருந்து மூங்கிலை உருவிப் பட்டைகளாகச் சீவினான். கம்பியைத் தேய்த்து ஊசியாக்கினான். மாமாவின் கால்சட்டைக்குள் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பட்டைகளை வைத்து இரட்டைத் தையல் போட்டான். வெளியே ஒரு சுருக்கம் தெரியவில்லை. கால் நட்டுவைத்த கம்பம்போல நின்றது.

“என் கல்யாணத்துக்கு நீ தச்ச பேண்ட்டுல உக்காரவே முடியல. இதுல மடக்கவே முடியல. எப்படா ஒழுங்கா தைக்கப்போற?” என்றார் மாமா.

“அன்னைக்கு அளவு எடுக்கறப்ப வயித்த உள்ள இழுத்துக்கிட்டது யாராம்?”

மழை பிடித்துக்கொண்டதும் மாமாவுக்குக் காய்ச்சல் ஏறியது. கட்டைப் பிரித்தால் பாதம் கறுத்திருந்தது. கம்பவுண்டர் தையல்காரனைத் தனியே கூப்பிட்டார். காலை எடுத்தால் பிழைப்பார், எடுக்க என்னிடம் கத்திகூட இல்லை என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

அடுத்த நாள் காலை வரிசைக்கு வெளியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தாள், கூடவே மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவன். வாசலில் பஸ் நின்றது. எதற்கென்று யாரும் சொல்லவில்லை. அவளுக்குப் பெட்டி தூக்கக் கம்பவுண்டரை இழுத்துக்கொண்டார்கள். பெட்டியோடு தையல்காரனைக் கடக்கும்போது அவர் உதடு அசையாமல் பேசினார்.

“நிக்க முடியாதவங்கள வீட்டுக்கு அனுப்புறாங்க. உங்க மாமாவ விழச் சொல்லு.”

தையல்காரனுக்கு அந்த பூட்ஸ்தான் கண்ணில் வந்து நின்றது. நம்புவதா வேண்டாமா? அவன் குழம்பி நிற்கும்போதே விஷயம் வரிசையில் பரவிவிட்டது. கல்லு மாதிரி இருந்த ஒருவன் தொப்பென்று விழுந்தான். இன்னொருவன் இல்லாத இருமலை இருமினான். டாக்டரம்மாவின் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

“மாமா, கீழ விழுங்க. விழுந்தா வீட்டுக்கு அனுப்புறாங்களாம்.”

மாமா காய்ச்சல் கண்ணால் பார்த்தார். “என்னயவே சோதிக்கிறியா?”

தையல்காரன் தோளை விலக்கினான். மறுபக்கத்து ஆளையும் விலகச் சொன்னான். மாமா ஒரு தரம் ஆடினார். மூங்கில் பிடித்துக்கொண்டது. தனியாக நின்றார்.

தையல்காரன் வாயைத் திறந்துவிட்டான். “அம்மா, இவருக்குக் காலு அழுகிட்டிருக்கு. பாருங்கம்மா.”

நாற்றமே காட்டிக்கொடுத்திருக்கும், ஆனால் அந்த வரிசையில் நாறாதவர் யார்? மொழிபெயர்ப்பவன் சொன்னதைக் கேட்டு டாக்டரம்மா மாமாவிடமே திரும்பி, வலிக்கிறதா என்று விசாரித்தாள்.

“ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கேன்” என்றார் மாமா. சொன்னதோடு விடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஓரடி முன்னால் எடுத்து வைத்தார்.

தையல்காரன் குனிந்து கால்சட்டையைப் பிடித்துக் கிழிக்கப் பார்த்தான். துணி வரவில்லை, தையலும் வரவில்லை. முதுகில் துப்பாக்கிக் கட்டை இறங்கியது. அவன் மண்ணிலிருந்து தலை தூக்கியபோது டாக்டரம்மா அடுத்த ஆளிடம் போயிருந்தாள்.

பஸ் கிளம்பும் சத்தம் கொட்டகைக்குள் கேட்டது. மாமா குழியோரம் மல்லாந்து கிடந்தார். உடம்பு நெருப்பாகச் சுட்டது.

“நல்லா நின்னேன்ல?”

“நின்னீங்க மாமா.”

“உங்க அக்காட்ட சொல்லு. ஒரு தடவகூட விழலன்னு.”

தையல்காரன் கால்மாட்டில் உட்கார்ந்து தையலைப் பிரிக்கத் தொடங்கினான். நகத்துக்கு நூல் அசையவில்லை. குனிந்து பல்லால் கடித்தான்.