மைனஸ் போடாத வாரம்

விடுமுறை நாளில் என் அக்கா வீட்டுக்காரர் போன் செய்தால் நான் எடுப்பதில்லை. அந்தச் சனிக்கிழமை கைதவறி எடுத்துவிட்டேன்.

"என் ப்ரோக்ராம்ல ஒரு சின்னக் கோளாறு. அஞ்சே நிமிஷம், வந்து பாத்துட்டுப் போ" என்றார் அத்தான்.

பதினைந்து வருடமாக அடுத்தவர் எழுதிய ப்ரோக்ராமில் தப்பு கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அஞ்சே நிமிஷம் என்று யாராவது சொன்னால் மத்தியானச் சாப்பாட்டையும் கட்டி எடுத்துக்கொண்டுதான் கிளம்புவேன்.

அத்தானுக்கு ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர் அறையில் காலை ஷிப்டு. நாற்பத்தெட்டு வயதில் ஆன்லைனில் ஒரு மாத வகுப்பு படித்து, சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். போன திங்கட்கிழமை தன் முதல் ப்ரோக்ராமை வேலைக்கே கொண்டுபோய்விட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஷிப்டில் இருப்பவர் கதவுக்கு மேலே இருக்கும் மீட்டரைப் பார்த்து அந்த எண்ணைத் தட்ட வேண்டும். நாள் முடிந்ததும் ப்ரோக்ராம் அன்றைய எண்களில் பெரியதைத் தேடி எடுக்கும். அது பூஜ்ஜியத்துக்கு மேலே இருந்தால், எண்ணையும் நேரத்தையும் போட்டு ‘ஆபத்து’ என்று தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பும்.

முதல் நாளே மெயில் போனது. பதினெட்டு டிகிரி. மறுநாள் பத்தொன்பது. இப்படி ஐந்து நாளும். அந்தச் சூட்டுக்கு ஐஸ்கிரீமை டம்ளரில்தான் ஊற்றிக் குடிக்க முடியும். ஒருவரும் ஒரு டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை. மெயிலே வந்துவிட்டதே, அப்புறம் டப்பா எதற்கு?

ஐந்து மெயிலிலும் மாலை நேரம் இருந்ததால், மாலை ஷிப்டு பார்க்கும் ஸ்வெட்டரக்காவுக்கு வெள்ளிக்கிழமை இரவே மெமோ வந்தது. சனிக்கிழமை நாலு மணிக்குள் காரணம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டாம்.

ஸ்வெட்டரக்கா அந்த அறையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். கொளுத்தும் வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாததால் அந்தப் பெயர். நான் குளிர் அறை வாசலுக்குப் போனபோது மெமோவை எட்டாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நாள் கூட கதவைத் திறந்து போட்டதில்லம்மா. பிள்ளை மேல வேணா சத்தியம் பண்றேன்."

"சத்தியமெல்லாம் வேணாம். வழக்கமா எப்படித் தட்டுவீங்களோ அப்படித் தட்டுங்க."

எழுந்து மீட்டரைப் பார்த்தார். மைனஸ் 19. திரும்பி வந்து, ஒற்றை விரலால் 1 தட்டினார், 9 தட்டினார்.

"மைனஸ் எங்கக்கா?"

"இங்க யாரும்மா மைனஸ் சொல்றா? எல்லாரும் பத்தொம்பதுன்னுதான் சொல்லுவோம். குளிர் ரூமுக்குள்ள பிளஸ்ஸுக்கு என்ன வேலை?"

அவர் சொன்னது சரி. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கட்டடத்தில் யாரும் மைனஸ் சொன்னதில்லை. அத்தான் ஒருவர்தான் போட்டார், ப்ரோக்ராம் எழுதியவர் என்பதால். அதைத் தட்டுகிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. என்னவோ, இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தோன்றுவதில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்வெட்டரக்காவின் கையில் இருந்த மெமோவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அவ்வளவுதானா!" அத்தானுக்கு உயிர் வந்தது. "யார் எதைத் தட்டினாலும் மைனஸ் ஆக்கிடற மாதிரி ஒரு வரி சேத்துடு. பழைய கணக்கையும் அதுலயே ஓட்டி மெயில் அனுப்பிடுவோம். சாப்பிடப் போகலாம்."

"பழைய எண்களை முதல்ல பாக்கணும்."

"அதெல்லாம் எதுக்கு?"

எதுக்கு என்று கேட்டால் நான் கட்டாயம் பார்ப்பேன். அது என் பிறவிக்குணம். கோப்பைத் திறந்தேன். மாலை முழுக்க ஸ்வெட்டரக்காவின் மொட்டை எண்கள். காலை முழுக்க அத்தானின் மைனஸ்கள், ஒன்றுகூடப் பிசகாமல். வியாழக்கிழமை மட்டும்: மைனஸ் 18, 3, மைனஸ் 9, மைனஸ் 17.

மைனஸ் இல்லாத அந்த மூன்றை நான் இரண்டு தடவை படித்தேன். கைதவறித் தட்டியது என்றால் அடுத்தது மைனஸ் பதினெட்டாக இருந்திருக்கும். மைனஸ் ஒன்பது என்றால் அறை மெல்ல மெல்லத் தேறி வந்திருக்கிறது. அன்று மாலை ஸ்வெட்டரக்கா தட்டிய 19 பெரிய எண்ணாக நின்றதால் இந்த மூன்று வெளியே தெரியவேயில்லை. எல்லாவற்றையும் மைனஸ் ஆக்கினால் இனி தெரியவும் தெரியாது.

அதற்காகத்தான் அத்தான் அந்த ஒரு வரியைக் கேட்டாரா? கோபம் கோபமாக வந்தது. அத்தான் கேட்ட வரியை எழுதாமல் வேறு எழுதினேன். பூஜ்ஜியத்துக்கு மேலே எந்த எண் வந்தாலும் ப்ரோக்ராம் நின்று கேட்கும்: ‘நிஜமாகவே பூஜ்ஜியத்துக்கு மேலேயா? ஆம் / இல்லை.’ பழைய எண்களையும் அதிலேயே ஓட்டி, அவரவர் எண்ணுக்கு அவரவரே பதில் சொல்லட்டும் என்றேன்.

ஸ்வெட்டரக்கா உட்கார்ந்தார். பதினெட்டு, இல்லை. பத்தொன்பது, இல்லை. இருபது தடவை ‘இல்லை’ அழுத்தினார், ஒவ்வொன்றுக்கும் வாயாலும் சொல்லிக்கொண்டே. பிறகு எழுந்து இடம் விட்டார்.

அத்தானுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. திரையில் 3 என்று நின்றது. மணி மூன்றே கால்.

"அன்னிக்கு லோடு இறக்கிட்டு ப்ரோக்ராமைத் திறந்தேன்" என்றார், என்னைப் பார்க்காமல். "எங்கயோ ஒரு கமா விட்டுப்போச்சு. அதைத் தேடிக்கிட்டே கதவைச் சாத்த மறந்துட்டேன். மீட்டர் மூணுன்னு காட்டுச்சு. மூணுன்னே போட்டேன். பொய் போடல."

"மெயில்ல உன் மூணு வரல, என் பத்தொம்பது வந்துச்சு" என்றார் ஸ்வெட்டரக்கா. "காலையிலேர்ந்து நான் இங்க உக்காந்து அழறேன். நீ பாத்துக்கிட்டு இருந்த."

"அக்காகிட்ட நான் என்ன சொல்றது?" என்று அத்தான் என்னிடம் கேட்டார். எந்த அக்கா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டியது இருந்தது.

அத்தானின் விரல் ‘இல்லை’ பக்கம் போனது. ஸ்வெட்டரக்கா மெமோவின் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அத்தான் ‘ஆம்’ அழுத்தினார்.

மெயில் போய்விட்டது. வியாழன், காலை பத்து மணி, மூன்று டிகிரி. எண்ணும் சரி, நேரமும் சரி. அவர் எழுதிய ப்ரோக்ராம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒழுங்காக வேலை செய்தது.