ஹாஜியாரின் உப்பு

புத்தளத்தில் உப்பளமும் பழைய மெஷின் கடையும் வைத்திருக்கிற ஜபார் ஹாஜியார் என்னைப் பார்த்துக் கதைக்கவே இல்லை. தண்ணீர்ப் பம்பு வாங்க வந்தவள் நான். அவரோ எல்லா விளக்கத்தையும் நிஸாருக்கே சொன்னார். நிஸார் என் கணவரின் தம்பி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். ஆம்பிளைத் துணைக்கென்று வந்த மனுசன், பம்பின் புதுப் பச்சைப் பெயின்டைப் பார்த்தே மயங்கிவிட்டார்.

சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் நாங்கள். சண்டை முடிந்து மூன்று வருஷம். இனி மன்னாருக்கே திரும்பிப் போகலாமே என்று ஆளாளுக்குச் சொல்ல, நான் வீம்புக்கு இங்கேயே குறிஞ்சிப்பிட்டியில் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் நட்டேன். ஒன்பதாம் நாள் எங்கள் பழைய பம்பின் எஞ்சின் மௌத்தாகிவிட்டது. தண்ணீரை இழுக்கிற பம்புத் தலை நன்றாகத்தான் இருந்தது, எஞ்சின் இல்லாமல் அதை வைத்து என்ன செய்ய? அந்த மணலுக்கு இரண்டு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் நட்டதெல்லாம் கருகிவிடும். வாளியால் இறைத்து என் தோள் கழன்றிருந்தது. இன்றைக்கே பம்பு வேண்டும் என்பது ஹாஜியாருக்கும் தெரியும்.

ஹாஜியார் காட்டிய பம்பு அனுராதபுரத்து வயலில் ஒரு போகம் மட்டும் ஓடியதாம். குளத்துத் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொட்டதில்லையாம். கயிற்றை இழுத்தார், முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்தது. கரும்புகை இல்லை, எண்ணெயும் சுத்தம். தண்ணீர் இறைத்துக் காட்டச் சொன்னேன். இங்கே தண்ணீருக்கு எங்கே போவது என்று நிஸாரைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. நிஸாரின் மோட்டார்சைக்கிளிலிருந்து ஸ்பெனரை எடுத்துவந்து, பம்பின் அடியில் தண்ணீர் வடிய விடுகிற ஆணியைக் கழற்றினேன். மரையிலிருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன்.

கரித்தது, பிறகு கசந்தது. கடல் தண்ணீர் இவ்வளவு கசக்காது. உப்பு விளைந்தபின் பாத்தியில் மிஞ்சுகிற தண்ணீரின் கசப்பு இது. உப்பளத்தில் ஓடிய பம்பு. உள்ளே விசிறியும் தண்டும் அரித்திருக்கும். அதையெல்லாம் மாற்றுகிற காசுக்குப் புதுப் பம்பே வாங்கலாம்.

அதைச் சொன்னேன். அகதியாக வந்தவர்களுக்கு வாய் நீண்டுவிட்டது என்றார், அதையும் நிஸாரிடம்தான். சிலாபத்திலிருந்து உழவு மெஷின் பார்க்க வந்திருந்த நிக்கொலஸ் என்பவர் கிட்டே வந்தார். ஆணியை நீட்டினேன். நாக்கில் வைத்தவர் உடனே துப்பினார். நான் ஹாஜியாரிடம் திரும்பினேன்.

"எஞ்சின் நல்லம். அதை மட்டும் தாங்க, ஹாஜியார். பம்பைக் கழட்டி நீங்களே வெச்சிக்கொள்ளுங்க."

பிரித்து விற்பதில்லை என்றார். நான் கதிரையொன்றை வாசலுக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"அப்ப நான் இங்கதான் ஈக்கிறேன். வாற ஆக்களெல்லாம் ருசி பாக்கட்டும்."

நிக்கொலஸ் தான் வாங்க வந்த மெஷினின் ஆணிகளைக் குனிந்து தடவத் தொடங்கினார். ஹாஜியார் அதைப் பார்த்தார். பிறகு முதன்முறையாக என்னைப் பார்த்தார்.

"எஞ்சின் வேலை ஆருகிட்டப் படிச்ச நீ?"

"எஞ்சின் வேலை எனக்குத் தெரியா. எட்டு வருஷம் உங்கட பாத்தியில உப்பு வாரின நான். உங்கட உப்பு எனக்குத் தெரியும்."

அவருக்கு நினைவில்லை. கூலிக்கு வரிசையில் நின்ற நாளிலும் அவர் என் முகத்தைப் பார்த்ததில்லையே.

இப்போது நன்றாகப் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக்கொண்டு பம்பின் பக்கத்தில் குந்தினார். ஸ்பெனரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.