நிரப்பிய குழியில் தண்ணீர்

"எஞ்சின அணைங்கண்ணே! அசையாதீங்க!"

ஷாமினி வாக்கி-டாக்கியில் கத்திய அதே நொடியில் வசந்தன் எக்ஸ்கவேட்டரின் கையை முழுசாக நீட்டினான். எட்டவில்லை. பக்கெட்டின் பற்களுக்கும் புல்டோசருக்கும் நடுவே இன்னும் ஒரு லாரி நீளம் இருந்தது. அந்த இடைவெளி முழுக்கச் செம்மண் கஞ்சியாகத் தளும்பியது. புல்டோசரின் இடது பக்கச் சங்கிலி ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்டது. உள்ளே இருந்தது அர்ச்சுனன், வசந்தனின் தங்கை திலகாவின் புருஷன்.

"மேல காஞ்சு கிடந்துச்சேடா, ரோடு மாதிரி!" என்றது அர்ச்சுனனின் குரல்.

மேலே காய்ந்துதான் இருந்தது. மலேசியாவில் பகாவ் பக்கத்து இந்தக் குழியில் இரும்புக்கல் எடுத்து முடித்து, இப்போது மண் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். மூடி முடிக்கும்வரை ஊற்றுத் தண்ணீரை மேலே வரவிடக் கூடாது. அதற்காகத்தான் மூலையில் பெரிய பம்ப் ராப்பகலாக ஓடியது. அது நின்றால், கொட்டிய மண்ணுக்குள் தண்ணீர் சத்தமில்லாமல் அடியிலிருந்து ஏறும். அதன்மேல் ஒரு கனமான வண்டி அதிர்ந்தால் போதும், மண் கஞ்சியாகிவிடும்.

ஞாயிறு விடுமுறை முடிந்து இன்று காலை வேலைக்கு வந்ததிலிருந்து ஏதோ ஒன்று குறைவதாக வசந்தனுக்குத் தோன்றியிருந்தது. இப்போது புரிந்தது. அந்தப் பம்பின் இரைச்சல்தான் இல்லை. சற்றுமுன் ஷாமினி ஓடிவந்து மறுபடி போட்டுவிட்ட பிறகுதான் அது செருமிக்கொண்டு உயிர் பிடித்தது. ஆனால் ஏறிய தண்ணீர் உடனே இறங்கிவிடுமா என்ன?

யார் அணைத்தது என்று வசந்தன் யாரையும் கேட்கவில்லை. பம்ப் ஓட ஆரம்பித்ததும் எஸ்டேட்டு மாரியம்மன் கோயில் கிணறு வற்றிவிட்டது. இந்த வாரம் தீமிதி. கரகத்துக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும், லாரித் தண்ணீர் ஆகாது என்று கோயில் கமிட்டி ஒற்றைக்காலில் நின்றது. இந்த வருஷம் கரகம் தூக்குவது அர்ச்சுனன்.

"கரகத்துக்குத் தண்ணி வேணும்னு உன்னையே முக்கிக்கிட்டியாடா, மச்சான்?"

"முதல்ல இழுலா. அப்புறம் ஏசிக்க."

வசந்தன் வண்டியை முன்னால் நகர்த்தப் போனான். ஷாமினி இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே வந்து நின்றாள். "வேணாண்ணே, கரை உடைஞ்சிரும். உங்க வண்டியும் போயிரும்." சொல்லிவிட்டு, லாரியிலிருந்து பலகைகளை இழுத்துப்போட்டாள். சுரங்கத்தின் நீர் இன்ஜினியரான அவளே சேற்றில் குப்புறப் படுத்து, ஒவ்வொரு பலகையாக முன்னே தள்ளிக்கொண்டு ஊர்ந்தாள். இந்தப் பொண்ணுக்குப் பைத்தியமா? கயிறுகூடக் கட்டிக்கொள்ளவில்லையே!

அப்போதுதான் மேனேஜர் சத்தியசீலனின் குரல் வாக்கி-டாக்கியில் வெடித்தது. "பம்ப அணைச்சது யாரு? எவனா இருந்தாலும் இன்னைக்கே கேட்டுக்கு வெளிய!"

சேறு புல்டோசர் கதவின் அடியை நக்கியது.

"நான்தான் சார்" என்றான் அர்ச்சுனன்.

திலகாவுக்கு வசந்தன் என்ன பதில் சொல்வது? உயிரோடு வந்தாலும் வேலை போச்சு.

"ஜன்னல் வழியா வாங்கண்ணே. நிக்காதீங்க, படுத்தே வாங்க" என்றாள் ஷாமினி.

அர்ச்சுனன் ஜன்னலிலிருந்து பலகைமேல் சரிந்தான். பலகை அமிழ்ந்து, நின்றது. முழங்கையால் தவழ்ந்து வந்து பக்கெட்டின் பல்லைப் பிடித்தான். இன்னொரு கையால் ஷாமினியின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். வசந்தன் மூச்சை அடக்கி, எக்ஸ்கவேட்டரின் கையை அங்குலம் அங்குலமாக உள்ளே இழுத்தான். இரண்டு பேரும் கெட்டித் தரையில் வந்து விழுந்தபோது, பின்னால் புல்டோசர் ஒரு ஏப்பம் விட்டு ஜன்னல்வரை இறங்கியது.

வசந்தன் குதித்து ஓடினான். அடிக்க ஓங்கிய கை, மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

ஷாமினியின் முகம் முழுக்கச் சேறு. கண் மட்டும்தான் தெரிந்தது. "ஏண்ணே மேனேஜர்கிட்ட பொய் சொன்னீங்க?"

"சும்மா இரும்மா. நாந்தான உங்கிட்ட வந்து கேட்டேன்."

"கேட்டது மட்டும்தான் நீங்க."

அர்ச்சுனன் அவள் கையிலிருந்த வாக்கி-டாக்கியைப் பிடுங்கப் பார்த்தான். அவள் திரும்பிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"சார், சனிக்கிழம சாயங்காலம் பம்ப அணைச்சது நான். திங்கக்கிழம வரைக்கும் மண்ணு தாங்கும்னு கணக்குப் போட்டதும் நான்தான்."