வேலிக்கு வெளியே கிடந்த பிள்ளை

எங்கள் தோட்டத்தில் செத்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை உயிரோடு இருந்தவர்களுக்குக் கிடைத்ததில்லை. அதுவும் செத்து ரொம்பக் காலம் ஆகியிருக்க வேண்டும். நேற்றுச் செத்தவனை எவனும் மதிக்கமாட்டான்.

மாத்தளைப் பக்கம், எல்கடுவைக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். எங்கள் மாதா கோயில் கல்லறைக்குக் கீழ்ச்சரிவில் புதுத் தேயிலை வைக்கக் காட்டை வெட்டியபோது கற்பலகைகள் கிளம்பின. பலகைக்கு அடியில் பானை, பானைக்குள் எலும்பு. துரை கொழும்புக்குச் சொல்லியனுப்ப, ஜீப்பில் ஒரு புதைபொருள் ஆபீசர் வந்து கூடாரம் அடித்தார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த எங்களில் சிலரை மண் சலிக்க இறக்கினார்கள். நானும் போனேன், எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த சூசையம்மாவும் வந்தாள்.

அவள் கூலிக்காக வரவில்லை. அந்தச் சரிவில்தான் அவள் பிள்ளை கிடந்தது. சுதந்திரம் வந்த வருஷம் பிறந்த பிள்ளை, பிறக்கும்போதே மூச்சில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை என்று உபதேசியார் சில்வெஸ்டர் கல்லறைக் கேட்டை மறித்துக்கொண்டு நின்றார். சாமியார் மாத்தளையிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் வைத்ததுதான் சட்டம். சூசையம்மாவின் புருஷன் மைக்கல் பிள்ளையைச் சோற்றுப் பானையில் வைத்து, வேலிக்கு வெளியே புதைத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அவளுக்கு வயிறு திறக்கவில்லை. பிள்ளை வேலிக்கு உள்ளே போக வேண்டும் என்பதைத் தவிர அவள் மாதாவிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

ஆபீசர் நல்ல மனுஷன், நன்றாகத் தமிழ் பேசுவார். ஒருநாள் பெரிய பலகை ஒன்றைத் தூக்கி, சின்னப் பானையில் இருந்த எலும்புகளை எங்களுக்குக் காட்டினார். கோழியெலும்பு போல இருந்தன. பக்கத்தில் ஒரு கிண்ணமும் சிவப்பு மணிகளும் கிடந்தன.

“பல்லு முளைக்காத குழந்தை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும்,” என்றார். “பெரியவங்களுக்கு வச்ச மாதிரியே இதுக்கும் கல்லு, மணி, சாப்பாட்டுக் கிண்ணம். எந்த பேதமும் பார்க்கல, பாருங்க.”

“அவுங்களுக்கு உபதேசியார் இல்லீங்களா ஐயா?” என்று கேட்டேன்.

ஆபீசர் சிரித்தார். சூசையம்மா சிரிக்கவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் அவளுடைய பானை அகப்பட்டது. மேலே கல் இல்லை. ஆபீசர் கையை விட்டுத் துழாவி ஒரு மாதா பதக்கத்தை எடுத்தார். உபதேசியாருக்குத் தெரியாமல் சூசையம்மா தன் கழுத்திலிருந்து கழற்றிப் போட்டது அது. ஆபீசரின் முகம் தொங்கிப் போயிற்று.

“அடச்சே, இது நேத்தைய சாமான். உங்க கோயில்ல குடுத்துடுங்க,” என்று பானையை ஓரமாகத் தள்ளினார்.

உபதேசியார் பதக்கத்தைப் பார்த்ததும் உருகிவிட்டார். யாரோ வேதக்காரப் பிள்ளை, தேயிலைக்கு முந்தின கோப்பிக் காலத்தில் செத்ததாக இருக்கும், சாமியார் வரும்போது முறையாக அடக்கம் செய்யலாம் என்றார். தான் விரட்டிய பிள்ளை என்று அவருக்கு ஞாபகமே இல்லை. அவர் விரட்டியது ஒன்றா இரண்டா! சூசையம்மா என் கையைப் பிடித்து இறுக்கியதில் நகம் பதிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மைக்கலைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ வாயத் தொறக்கக் கூடாது. யாரு பெத்த புள்ளையோன்னு நிக்கணும். வெளங்குதா?”

“வெளங்குதுடி.”

“மாதா மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினான்.

அடக்கத்தன்று தோட்டமே திரண்டது. கடைக்குச் சவர்க்காரக் கட்டி வந்த மரப்பெட்டி ஒன்றுக்கு வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். பெற்றவர் யாரென்று தெரியாத பிள்ளை என்றால் எங்கள் சனத்துக்கு எங்கிருந்துதான் இரக்கம் வருமோ! பெற்றவள் யாரென்று தெரிந்தபோது எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சூசையம்மா மட்டும் கல்லாட்டம் நின்றாள். அவள் மனசு எப்படிக் குளிர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கே குளிர்ந்திருந்தது. பெட்டி கேட்டைத் தாண்டியது. சாமியார் தீர்த்தம் தெளித்தார். பெட்டி குழிக்குள் இறங்கியது.

“ஐயோ, எம் மவனே!” என்று மைக்கல் குழியோரம் விழுந்தான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியும், நான் சொல்கிறேன். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தவன், நாலு மண்வெட்டி மண் விழும்வரை அடக்கியிருக்கக் கூடாதா?

உபதேசியாருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாமியாரின் காதில் ஏதோ சொன்னார். சாமியார் கெட்டவர் அல்ல, ஒரு வழி விடத்தான் கேட்டார்.

“உசுரு போறதுக்கு முந்தி யாராவது தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தீங்களா? அவசரத்துக்கு யாரு குடுத்தாலும் செல்லும்.”

“நான் ஊத்துனேன் சாமி,” என்றாள் சூசையம்மா, உடனே. “மூச்சு இருந்துச்சு. நாந்தான் ஊத்துனேன்.”

“உண்மையா, மைக்கல்?”

மைக்கல் அவளைப் பார்த்தான். பிறகு சாமியாரைப் பார்த்தான். சாமியார் முன்னால் பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

“பொறக்கும்போதே உசுரு இல்லீங்க சாமி.”

பெட்டியைத் திரும்ப மேலே தூக்கினார்கள். அழுத பெண்கள் மூக்கைச் சிந்திவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மைக்கல் பெட்டியை வாங்கக் கை நீட்டினான். சூசையம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

அவளே பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். பழைய இடத்தில் புதைக்கலாம் என்றால் அங்கே குழிகளும் கயிறுமாகக் கிடந்தது. ஆபீசர் வேலையை முடித்துக்கொண்டு, எலும்புகளைப் பஞ்சு சுற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“இதையும் கொண்டு போங்க ஐயா,” என்றாள். “அதுங்களோட ஒரு மூலையில கெடக்கட்டும்.”

ஆபீசர் பெட்டியைப் பார்த்தார். பாவப்பட்டுத்தான் பார்த்தார்.

“அது முடியாதும்மா,” என்றார். “இதுக்கு வயசு போதாது.”

ஜீப்பில் இடம் இருந்தது. நான் பார்த்தேன்.